செக்கு மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சர்வாதிகார நாடுகளின் சிறைகளில் பிறந்த கலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பர்மிய ஓவியர் தெய்ன் லின் 1998 முதல் 2004 வரை ராணுவ ஆட்சியின் சிறையில் இருந்தபோது கைதி உடுப்புத் துணியிலேயே வரைந்த கதை மனதை விட்டுப் போகவில்லை. தூரிகை கிடையாது, ஊசிக்குழாய், சிகரெட் லைட்டர் சக்கரம், சோப்புக் கட்டி இவைதான் கருவி. நான் தறிக்காரன். துவைத்து நைந்த பருத்தியில் சாயத்தை வைத்தால் அது பாட்டுக்கு ஊறிப் பரவும், கோடு நிற்காது. அதில் படம் எழுதியிருக்கிறார் மனுசன்!

சோவியத் முகாமில் இரினா ரதுஷின்ஸ்கயா தீக்குச்சியால் சோப்பில் கவிதை கீறி, மனப்பாடம் ஆனதும் கழுவிவிட்டதையும் கட்டுரை சொல்கிறது. சரி, அவ்வளவு தூரம் போன கட்டுரையாளர் நம் கோயமுத்தூர் ஜெயிலை ஏன் எட்டிப் பார்க்கவில்லை? வெள்ளைக்காரன் ஆட்சியும் எதிர்த்துப் பேசியவரை உள்ளே தள்ளிய ஆட்சிதானே.

1908-இல் வ.உ.சி. இங்கே அடைக்கப்பட்டார். அவர் இழுத்த செக்கு இன்றும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுகிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் செக்கின் கதையை நமக்குச் சொன்னது யார்? அவரேதான், செய்யுளாக எழுதிய தன் சுயசரிதையில். முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றவிட்டார்கள்; கைத்தோல் உரிந்தது; அதைப் பார்த்த ஜெயிலர், மாட்டுக்குப் பதிலாக வெயிலில் செக்குத் தள்ள வைத்தார். புலம்பலே இல்லாமல், கணக்கு ஒப்பிப்பது போல வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு அந்தச் சணல்தான் உறுத்துகிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதே இல்லை.

1910 கடைசியில் அவரைக் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். ‘மெய்யறிவு’, ‘மெய்யறம்’ என்ற அவருடைய புத்தகங்கள் இரண்டும் அந்தச் சிறையில் உருவானவை. 1912-இல் வெளியே வந்தவரின் கையில் எழுத்து இருந்தது. நாம் ஞாபகம் வைத்திருப்பது உடல் பட்ட பாட்டை மட்டும்தான்.

சிறை நிலத்தில் ஒரு பகுதி இப்போது செம்மொழிப் பூங்கா ஆகிவிட்டது. அந்தச் சணல் வரிகளையும் செக்கு வரிகளையும் அங்கே ஒரு கல்லில் வெட்டி வைக்கலாம். செக்குக்குப் பக்கத்திலும் ஒன்று வேண்டும். மாநகராட்சிக்கு இது பெரிய செலவில்லை. கட்டுரையாளரும் அடுத்த பகுதியில் கோவைச் சிறையை எழுதட்டும். இடம் பற்றாவிட்டால் தறி நூல் விலைப் பக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் வருவது எப்படியும் ஏற்றம்தான்.

- கைத்தறி நெசவாளர் ஒருவர்,
சென்னிமலை