பதினோராம் எண் கூண்டு: சொகுசுக் கப்பல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புளோரிடாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கப்பல் விடும் நிறுவனத்தின் பயணத் திட்டப் பிரிவினருக்கு,

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் இது ஒரு கம்பெனியோடு போட்ட சண்டையாகச் சுருங்கிவிடும். அதே கடலில் ஓடும் மற்றக் கப்பல்காரர்களும் இதைத் தங்களுக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொண்டால் சந்தோஷம்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரத்துக்கும் மேல் காரோட்டி வந்து போர்ட் கனாவெரலில் உங்கள் கப்பலில் ஏறினோம். நான், கணவர், பத்து வயது மகள், நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த என் அம்மா அப்பா. ஏழு இரவுப் பயணம். புதன்கிழமை புவெர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான், வியாழக்கிழமை விர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ், வழியில் பஹாமாஸில் ஒரு நாள் என்றுதான் எங்கள் சீட்டில் இருந்தது.

சான் யுவான் அப்பாவின் ஆசை. நாகை துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டிய மனிதர். துறைமுக வாயிலிலேயே ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டையும், அதன் தலைமேல் ஒரு கலங்கரை விளக்கமும் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. கப்பல் உள்ளே நுழையும்போது மேல்தளத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதுகூட டைரியில் எழுதிவைத்திருந்தார்.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கு, கரை விளக்குகள் மறைந்து வெகுநேரம் கழித்து, ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். கிழக்கே ஒரு புயல் உருவாகிறது, நாம் மேற்கே போகிறோம், சான் யுவானுக்கும் செயின்ட் தாமசுக்கும் பதில் மெக்சிகோவின் கொசுமெல், கோஸ்டா மாயா. நல்ல மனிதர், தெளிவாகத்தான் சொன்னார். அப்பா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "கூண்டு எத்தனாம் நம்பர் ஏத்திருக்கானாம்?"

உங்களுக்கு இது புரியாது, எனவே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் துறைமுகங்களில் புயல் வந்தால் கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1ஆம் எண் என்றால் தூரத்தில் எங்கோ காற்றழுத்தத் தாழ்வு இருக்கிறது. 3 என்றால் நம் துறைமுகத்திலேயே காற்று வலுக்கலாம். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம், கதவைச் சாத்திக்கொள். வானொலியில் "நாகை, காரைக்கால் துறைமுகங்களில்" என்று ஆரம்பித்தாலே பாட்டி விறகை உள்ளே எடுத்துவைப்பாள். 1977 புயலையும் 2018இல் கஜாவையும் பார்த்த ஊர் எங்களுடையது. உங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒன்று இருப்பதை அப்பாவுக்காகத் தேடப்போய்த்தான் தெரிந்துகொண்டேன். பலத்த காற்று 72 மணி நேரத்தில் வரலாம் என்றால் அமெரிக்கக் கடலோரக் காவல்படை துறைமுகத்துக்கு 'விஸ்கி' நிலை அறிவிக்கிறது. 48 மணி நேரம் என்றால் எக்ஸ்ரே, 24 என்றால் யாங்கி, 12 என்றால் ஜூலு. ஜூலு வந்தால் துறைமுகம் மூடப்படும். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "விஸ்கின்னா முதல் கூண்டா? பேரு நல்லாத்தான் வச்சிருக்கான்" என்றார்.

கப்பலைத் திருப்பியதில் எனக்குப் புகார் இல்லை. அந்தப் புயலுக்கு எர்னெஸ்டோ என்று திங்கட்கிழமைதான் பெயர் வைத்தார்கள். செவ்வாய் இரவு அது விர்ஜின் தீவுகளை நனைத்தது. நாங்கள் சான் யுவானில் இறங்கியிருக்க வேண்டிய புதன்கிழமை, புவெர்ட்டோ ரிக்கோவில் ஏறக்குறைய பாதி வீடுகளில் மின்சாரம் இல்லை. அங்கே போய் எதைப் பார்த்திருப்போம்?

1998 அக்டோபரில் மிட்ச் புயல் வந்தபோது ஃபான்டோம் என்ற பாய்மரச் சுற்றுலாக் கப்பல் பயணிகளைப் பெலீஸ் நகரில் இறக்கிவிட்டுப் புயலுக்கு ஒதுங்கி ஓடப் பார்த்தது. புயல் அதன் பக்கமே திரும்பியது. கப்பலில் இருந்த 31 மாலுமிகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. 2015இல் ஜாக்சன்வில்லிலிருந்து இதே சான் யுவானுக்குப் போன எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் வாக்கீன் புயலில் மூழ்கி 33 பேர் இறந்தார்கள். கேப்டன் கடைசியாக வந்த தகவலை விட்டுவிட்டுப் பழைய வானிலைத் தகவலை நம்பிப் போனதாக விசாரணையில் தெரியவந்தது. இதையெல்லாம் படித்த பிறகு, "காசு கொடுத்தேனே, ஏன் போகவில்லை" என்று எந்தக் கேப்டனிடமும் கேட்க எனக்கு நாக்கு எழாது. என்னோடு வரிசையில் நின்று அப்படிக் கத்தியவர்களைப் பார்த்துக் கூச்சமாகத்தான் இருந்தது.

என் கேள்வி கேப்டனுக்கு அல்ல, கரையில் ஏ.சி. அறையில் இருக்கும் உங்களுக்கு.

உங்களுக்கு எப்போது தெரியும்?

மயாமியில் இருக்கும் தேசியச் சூறாவளி மையம் அட்லாண்டிக்கில் அடுத்த ஏழு நாட்களுக்கு எங்கே என்ன உருவாகலாம் என்று தினமும் வரைபடம் போடுகிறது. சனிக்கிழமை அந்த வரைபடத்தில் எங்கள் வழிக்கு நேர் எதிரே சிவப்பு. சிவப்பு என்றால் புயலாக வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல். இது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய படம். அதைவிட, உங்கள் கப்பலிலேயே வேலை பார்க்கும் ஒருவர், நம் நாட்டுக்காரர், புதிய அட்டவணை சனிக்கிழமை மாலையே ஊழியர்களுக்கு வந்துவிட்டது என்றார். அவர் யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. சான் யுவானில் எங்களைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டியிடம் 120 டாலர் முன்பணம் கட்டியிருந்தேன். தனி ஆள், ஒரு வேன், அவ்வளவுதான் அவர் கம்பெனி. ஞாயிறு பிற்பகல், நாங்கள் ஏறும் வரிசையில் நிற்கும்போதே அவரிடமிருந்து செய்தி வந்தது: "உங்கள் கப்பல் வராது என்று நினைக்கிறேன், பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், ஜன்னலுக்குப் பலகை அடிக்கப் போகிறேன், கடவுள் உங்களைக் காக்கட்டும்." கையில் சுத்தியலோடு நின்றவருக்குத் தோன்றியது உங்களுக்குத் தோன்றவில்லை.

அப்போதே உங்கள் ஊழியரிடம் அந்தச் செய்தியைக் காட்டிக் கேட்டேன். "எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை, திட்டப்படிதான் போகிறோம்" என்றார் அந்தப் பெண். பாவம், அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை விருந்தினர் சேவை மேசை முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். கோஸ்டா மாயாவில் எத்தனை மணிக்கு இறங்கலாம்? தெரியாது. பஹாமாஸ் நாள் உண்டா, இல்லையா? தெரியாது. எப்போது தெரியும்? அதுவும் தெரியாது. கேபினுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பதினொண்ணாம் நம்பர் ஏத்திட்டாங்கம்மா."

எங்கள் கூண்டு வரிசையில் கடைசி எண் 11. புயல் எவ்வளவு பெரியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்பாவின் கணக்கில் எல்லாவற்றிலும் மோசமான கூண்டு அதுதான். பத்தாம் எண்ணில்கூட என்ன வருகிறது என்று தெரியும்.

ஏறுவதற்கு முன் சொன்னால் நாலு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்தீர்களோ? அந்தப் பயத்துக்கும் இடமில்லையே. உங்கள் பயண ஒப்பந்தத்தை வீட்டுக்கு வந்து முழுசாகப் படித்தேன். துறைமுகத்தை மாற்றலாம், விடலாம், வரிசையைக் கலைக்கலாம், எதற்கும் நஷ்டஈடு கிடையாது என்று பச்சையாக எழுதியிருக்கிறது. கப்பல் நிறுவனங்களின் சங்கம் 2013இல் வெளியிட்ட பயணிகள் உரிமைப் பட்டியலில் பணம் திரும்பத் தருவதாகச் சொன்னதெல்லாம் இயந்திரக் கோளாறுக்குத்தான். அமெரிக்கக் கூட்டாட்சிக் கடல்சார் ஆணையத்தின் விதியும் பயணம் ரத்தானாலோ, புறப்பாடு 3 நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோதான் பேசுகிறது. கிழக்கே போக வேண்டிய கப்பல் மேற்கே போனால் அது வாய் திறக்காது. சட்டம் மொத்தமும் உங்கள் பக்கம் இருக்க, ஒரு மின்னஞ்சல் அனுப்ப எதற்குத் தயக்கம்?

துறைமுகக் கட்டண வித்தியாசம் என்று ஐந்து பேருக்கும் சேர்த்து ஏதோ சில டாலரைக் கப்பல் கணக்கில் வரவு வைத்தீர்கள். ஆளுக்கு ஒரு காபி குடித்தோம். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது விசா. உங்கள் அலுவலகத்தில் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டம் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரவு ஒன்பதரை மணிக்கு "மெக்சிகோ" என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா கேட்டது, "எங்களை இறங்க விடுவானா?" செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களை மெக்சிகோ அனுமதிக்கிறது, அதனால் தப்பித்தோம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க நடுக்கடலில் இணையத்துக்குத் தனியாகக் காசு கட்டி நள்ளிரவு வரை தேட வேண்டியிருந்தது. நியூயார்க்கிலிருந்து பெர்முடாவுக்கு என்று கிளம்பும் கப்பல்களைப் புயல் வந்தால் வடக்கே கனடாப் பக்கம் திருப்புவது உண்டு. கனடாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் போக முடியாது. எச்1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒட்டிய அமெரிக்க விசா காலாவதியானவர்கள் முப்பது நாளுக்குள் மெக்சிகோவோ கனடாவோ போய் அமெரிக்காவுக்குத் திரும்பலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. அதை நம்பிக் கொசுமெல் மட்டும் போகும் கப்பலில் சீட்டு வாங்கும் தமிழ்ப் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. அந்தக் கப்பலை நீங்கள் புயலுக்குப் பயந்து பஹாமாஸ் பக்கம் திருப்பினால் சலுகை போச்சு. அந்தத் தீவுகளுக்குப் போய்த் திரும்ப அந்தச் சலுகை மாணவர் விசா, பரிமாற்ற விசா வைத்திருப்பவர்களுக்குத்தான். திரும்பி வரும்போது குடியேற்ற அதிகாரி முன்னால் அந்தப் பையன் என்ன சொல்லுவான், கேப்டன் திருப்பிவிட்டார் என்றா? கரையில் இருக்கும்போது சொல்லியிருந்தால் அவன் ஏறாமலாவது இருந்திருப்பான்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆகஸ்ட் சீட்டு ஏன் அவ்வளவு மலிவு என்று நான் யோசிக்கவில்லை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை அதன் உச்சம் என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் ஊரில் இருந்துகொண்டு, காப்பீடு எடுக்காமல் வந்தேன். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை எண்ணி எட்டு நாளுக்குத்தான் எடுத்துவைத்திருந்தேன். அந்த வருஷமே அக்டோபரில் மில்டன் புயல் வந்து புளோரிடாத் துறைமுகங்கள் மூடப்பட்டபோது சில கப்பல்கள் சொன்ன நாளில் திரும்ப முடியாமல் கடலிலேயே நின்றன என்று படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உங்கள் கஷ்டமும் ஓரளவு புரிகிறது. புயல் கிழக்கே வந்தால் எல்லாக் கப்பலும் மேற்கேதான் ஓடும். கொசுமெல்லில் நாங்கள் இறங்கிய அன்று கூட்டத்தைப் பார்த்தால் திருவாரூர்த் தேரோட்டம் மாதிரி இருந்தது. அங்கே துறையில் இடம் பிடிப்பதே பாடு, உறுதியாகும் முன் எதையும் சொல்ல முடியாது என்பீர்கள். சரி. சூறாவளி மையத்துக்கு மட்டும் என்ன உறுதி இருக்கிறது? புயல் போகும் வழியை அவர்கள் கூம்பாக வரைகிறார்கள். புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவைதான் அந்தக் கூம்புக்குள் இருக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். தெரியாததையும் சேர்த்து வரைந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: அடுத்த அறிவிப்பு இத்தனை மணிக்கு.

அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். "கிழக்கே ஒரு புயல் வரலாம், மேற்கே போக இடம் தேடுகிறோம், மெக்சிகோவாக இருக்கலாம், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தகவல் நாளை காலை 10 மணிக்கு." சனிக்கிழமை மாலை இது வந்திருந்தால் நாங்கள் அப்போதும் ஏறியிருப்போம். அப்பா டைரியில் கொசுமெல்லைப் பற்றி எழுத ஆரம்பித்திருப்பார். 10 மணிக்குச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால், ஒன்றும் இல்லை என்றே அனுப்புங்கள்.

வருகிற செப்டம்பரில் மறுபடியும் வருகிறோம், உங்கள் கப்பலில்தான், சான் யுவானுக்குத்தான். மலிவு என்பதால்தான், இந்தத் தடவை தெரிந்தே. காப்பீடு எடுத்தாகிவிட்டது, மாத்திரை இரண்டு வாரத்துக்கு. அப்பாவுக்கு மின்னஞ்சல் பார்க்க வராது, உங்கள் செயலியும் பிடிபடவில்லை. சேவை மேசைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்தால் காலையில் காபி குடித்ததும் போய்ப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஞாயிறு இரவு ஒன்பதரை மணி வரை சான் யுவானுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பயணி