அவர் எதை ஆராய்ந்தார் என்று எழுத மறந்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் சிங்கப்பூர் இதயநோய் ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பற்றித் தங்கள் இதழில் முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் உலக அளவில் பெயர் வாங்கியிருக்கிறார் என்றால் எனக்கும் பெருமைதான். காலைக் கோப்பியோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றை எத்தனை ஆயிரம் முறை பிறர் மேற்கோள் காட்டினார்கள், அவருடைய எச்-இண்டெக்ஸ் என்ற மேற்கோள் மதிப்பெண் எவ்வளவு, உலகத் தரவரிசையில் எங்கே நிற்கிறார், எல்லாம் இருந்தன. அவர் அம்மா வைக்கும் மீன் குழம்பைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. இதயத்தில் அவர் எதை ஆராய்ந்தார் என்பது மட்டும் இல்லை. 'இதய ஆராய்ச்சி' என்ற இரண்டு சொற்களோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

நான் ஆய்வாளன் அல்லன். ஒரு மருத்துவமனை நூலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். இந்த மேற்கோள் கணக்கைக் கையால் எண்ணியவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

கணினி எல்லார் மேசைக்கும் வருவதற்கு முன்பு, பதவி உயர்வுக் காலம் நெருங்கினால் மருத்துவர்கள் நூலகத்துக்கு வந்துவிடுவார்கள். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியலிடும் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' தொகுதிகள் அலமாரியின் அடித்தட்டில் இருக்கும். ஒவ்வொன்றும் தலையணைப் பருமன், உள்ளே எறும்பு ஊர்ந்தது போல் எழுத்து. அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்துப் பூதக்கண்ணாடியோடு தேட வேண்டும். அதிலும் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயருக்குக் கீழேதான் கணக்கு இருக்கும். நம் மருத்துவர் மூன்றாவது பெயராக இருந்தால், முதல் பெயர் யாருடையது என்று தெரிந்துகொண்டு அங்கே போய்த் தேட வேண்டும். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். ஒருவருக்கு 41 கோடு வந்தது. சரிபார்த்தபோது அவற்றில் பதினெட்டு, அவரே தம் பழைய கட்டுரையைச் சுட்டியவை. "இவற்றை எடுத்துவிடட்டுமா, டாக்டர்?" என்றேன். "இருக்கட்டும் அண்ணே, கோடு கோடுதானே" என்று சிரித்தார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நல்ல மருத்துவர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தொகுதிகளுக்குப் பின்னால் இருந்தவர் யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர். அமெரிக்க வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்பு ஒன்று இன்னும் செல்லுமா என்று பார்க்க வைத்திருந்த அட்டவணையைக் கண்டு, அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1955-ல் எழுதினார். தவறான, காலாவதியான தகவலை யாரும் யோசிக்காமல் எடுத்தாளக் கூடாது என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. சந்தேகப்படுவதற்காக வந்த கருவியை நாம் மாலை போடுவதற்கு எடுத்துக்கொண்டோம்.

எச்-இண்டெக்ஸ் பிறகு வந்தது. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன கணக்கு. ஒருவரின் இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 20. வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை உலகமே பத்தாயிரம் முறை எடுத்தாண்டாலும் அவர் எண் 1. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது, என் மத்திய சேமநிதிச் சேமிப்பைப் போல அல்ல. தேடும் இடத்தைப் பொறுத்தும் அது மாறும். கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோப்பஸில் வேறு, வெப் ஆஃப் சயன்ஸில் இன்னொன்று. தங்கள் கட்டுரை எந்தக் கடையின் தராசில் நிறுத்தது என்று சொல்லவில்லை.

இதயநோய்த் துறையில் இந்தக் கணக்குக்கு இன்னொரு கோணமும் உண்டு. மாரடைப்பு என்று எதைச் சொல்வது என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான வரையறை ஒன்று இருக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 2018-ல் வந்தது. ஒரே ஆவணம், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்விதழ்களில் அச்சானது. சிகிச்சை வழிகாட்டிகளும் அப்படித்தான். மாரடைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவற்றைச் சுட்டியாக வேண்டும். ஆகவே அவற்றை எழுதும் குழுவில் பெயர் இருந்தாலே மேற்கோள் மளமளவென்று கொட்டும். குழுவில் இடம் பெறுவதற்கும் தகுதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு நாற்காலியின் கணக்கு, கண்டுபிடிப்பின் கணக்கு அன்று.

நம்மவர்களுக்குப் பெயரிலேயே ஒரு வில்லங்கம் உண்டு. முருகேசன் மகன் செல்வம் ஒரு கட்டுரையில் 'செல்வம் எம்.' என்று இருப்பார், அடுத்ததில் 'முருகேசன் எஸ்.' ஆகிவிடுவார். வெளிநாட்டு ஆய்விதழ் தந்தை பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். மகன் செய்த ஆராய்ச்சி அப்பா பெயரில் போய்ச் சேரும். இதைச் சரிசெய்யத்தான் 2012 முதல் ஆய்வாளர்களுக்குப் பதினாறு இலக்க அடையாள எண் கொடுக்கிறார்கள். அதன் பெயர் ஆர்கிட், நம் தேசிய மலரான ஆர்க்கிட்டைப் போலவே ஒலிக்கும். அதற்கு முந்தைய தலைமுறைத் தமிழ் ஆய்வாளர்களில் எத்தனை பேர் இப்படி இரண்டாகப் பிளந்து கிடக்கிறார்களோ!

சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு மருந்துக்குக் காத்திருந்தேன். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், மொத்தக் கொழுப்பு 4.6, நல்ல கொழுப்பு 1.1, டிரைகிளிசரைடு 2.2, கெட்ட கொழுப்பு 2.5. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'கணக்கிடப்பட்டது' என்று இருந்தது. அதாவது அதை அளக்கவில்லை. மொத்தத்தில் நல்லதைக் கழித்து, டிரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்து அதையும் கழித்தால் வருவது. முடிவுத்தாளின் பின்புறம் பேனாவால் போட்டுப் பார்த்தேன், சரியாக 2.5 வந்தது. ஃப்ரீட்வால்டும் அவருடைய சகாக்கள் இருவரும் 1972-ல் சொன்ன வாய்பாடு அது. டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் அதை நம்பக்கூடாது என்ற எல்லையும் உண்டு. அந்தக் கட்டுரையை ஏராளமானோர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், தகும். ஆனால் என் முடிவுத்தாள் போன்ற கோடிக்கணக்கான தாள்கள் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஆய்வகத்துக் கருவியா கட்டுரை எழுதி அடிக்குறிப்புப் போடும்?

இன்னொன்று. அடைபட்ட இதயத் தமனியைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977 செப்டம்பர் 16-ஆம் தேதி சூரிக் நகரில் முதன்முதலாகச் செய்தார். அதை அடுத்த ஆண்டு 'லான்செட்' இதழில் அவர் அறிவித்தது நீண்ட கட்டுரையாக அன்று, ஆசிரியருக்கு எழுதிய சின்னக் கடிதமாக. என் நெஞ்சில், தமனியைத் திறந்து வைத்திருக்கும் இரண்டு ஸ்டென்ட் இருக்கின்றன. கடிதங்களைக் கொஞ்சம் மரியாதையோடு படியுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இனி, நம் ஊர்க் கதை. டி. ஜே. தனராஜ் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1959-ல் ஓர் ஆய்வை 'அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்' இதழில் வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் நடந்த பிரேதப் பரிசோதனைகளின் பதிவேடுகளைப் புரட்டி, எந்த இனத்தவருக்கு இதயத் தமனி நோய் எவ்வளவு என்று பார்த்தார்கள். சீனர்களைவிட இந்தியர்களுக்கு அது மிக அதிகம் என்று தெரிந்தது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் 1948-ல் தொடங்கிய பெரிய இதய ஆய்வு உலகப் புகழ் பெற்றது, ஆனால் அதில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்கள். நம் இதயத்தைப் பற்றிய கேள்வியை இங்கேயே, நம் பிணவறைப் பதிவேட்டிலிருந்தே எழுப்பியவர் தனராஜ். பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் தலைவராகவும் ஆனார்.

என் தந்தை துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1968-ல் ஒரு நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயது 46. வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. தனராஜின் கட்டுரை அப்போது அச்சேறி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தது என்பது பின்னாளில் நூலகத்தில் அந்தத் தொகுதியை எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நின்றுகொண்டே படித்தேன். அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று இன்றுவரை நான் எண்ணவில்லை.

எண்ணிக்கை ஏமாற்றவும் செய்யும். இதயத் தசையைக் குருத்தணுக்களால் மறுபடி வளர்க்கலாம் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடம் ஆண்டுக்கணக்கில் கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டது. உலகமே அவற்றை மேற்கோள் காட்டியது. 2018-ல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியும் பாஸ்டனின் பிரிகம் மருத்துவமனையும் அவற்றில் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டன. அதற்கு முந்தைய நாள் வரை அந்த ஆய்வாளரின் எண்களை வைத்து எந்த ஞாயிறு இதழும் ஒரு பக்கம் நிரப்பியிருக்கலாம்.

தாங்கள் எழுதிய ஆராய்ச்சியாளருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, தயவுசெய்து முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அவர் மிகச் சிறந்தவராகவே இருப்பார். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வழி கொடுங்கள் என்பதுதான் என் குறை. அவர் பார்ப்பது தமனியையா, வால்வையா, துடிப்பின் தாளத்தையா? எவ்வளவு நோயாளிகள், எந்த ஊர்க்காரர்கள்? அவர் ஆய்வுக்குப் பிறகு இங்கே ஒரு மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டில் ஏதாவது மாறியதா? நம் ஆட்களுக்கு நாற்பதுகளிலேயே வந்துவிடுகிறதே, அதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

தங்கள் நிருபரிடம் அவருடைய தொலைபேசி எண் இருக்கும். ஒரு முறை அழைத்துக் கேட்டு அடுத்த ஞாயிறு வெளியிடுங்கள். இடம் போதாது என்றால் மீன் குழம்பைச் சமையல் பகுதிக்கு மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ நூலக உதவியாளர்,
ஈசூன்