கழிவுநீர் லாரிகள் வரத்து வாய்க்காலில் கொட்டுவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
14ஆவது வார்டு குடியிருப்போர்

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்

பொருள்: செப்டிக் டேங்க் கழிவை இரவில் வாய்க்காலில் கொட்டுவதைத் தடுத்தல், சுத்திகரிப்பு நிலையத்தின் நேரத்தை நீட்டித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வார்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வராததால் வீடுகள் அனைத்தும் செப்டிக் டேங்கை நம்பியே உள்ளன. அவற்றை உறிஞ்சி எடுக்கும் லாரிகளில் சில, இரவு பத்து மணிக்கு மேல் மயானத்துக்குப் பின்புறம் வந்து, ஏரிக்குச் செல்லும் வரத்து வாய்க்காலில் குழாயை இறக்கிக் கழிவைத் திறந்துவிட்டுச் செல்கின்றன. கடந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை அந்தக் கறுத்த நீர் ஏரிக்குள் இறங்கியதைக் கரையில் நின்றே பார்த்தோம். வாய்க்காலை ஒட்டிய தெருக்களில் கிணற்று நீரை அதன்பின் சமையலுக்கு எடுக்க எவரும் துணியவில்லை.

லாரிக்காரர்கள்மீது மட்டும் பழி போடுவது எங்கள் நோக்கமன்று. சுத்திகரிப்பு நிலையம் ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் உள்ளது. அதன் வாயிற்கதவு மாலை ஐந்து மணிக்கே மூடப்படுகிறது. வேலைக்குச் செல்வோர் வீடு திரும்பிய பிறகே லாரியை அழைக்கிறார்கள். நிரம்பிய வண்டியை மறுநாள் காலைவரை எங்கே நிறுத்துவது என்று ஓர் ஓட்டுநர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

தமிழக அரசு 2014ஆம் ஆண்டிலேயே கசடுக் கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, இக்கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியுள்ளது. கருங்குழி போன்ற ஒரு பேரூராட்சியே மலக்கசடுக்கென்று தனி நிலையம் அமைத்துக் கசடைப் படுகைகளில் உலர்த்தி வரும்போது, நிலையம் ஏற்கெனவே உள்ள நம் நகரில் கதவைத் திறந்து வைப்பது பெரும் செலவாகாது என்று நம்புகிறோம்.

எங்கள் பக்கத்துக் குறையை மறைத்து மனு எழுதுவதும் முறையாகாது. செப்டிக் டேங்கில் கசடு அடியில் படியுமே தவிர, மேலே வழியும் நீர் தூய்மையடைந்து விடுவதில்லை. அது உறிஞ்சுகுழிக்குச் செல்ல வேண்டும். ஆனால் குறுகிய சந்துகளில் உள்ள பல வீடுகளில் உறிஞ்சுகுழிக்கு இடமின்றி, வழிநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டிருக்கிறோம். சில வீடுகளில் மூடியைத் திறக்கவே முடியாதபடி தொட்டியின்மேல் தளம் போட்டுவிட்டதால், அடைப்பு ஏற்படும்போது ஆளை உள்ளே இறக்கும் பேச்சு எழுகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ள இச்செயலில் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டதையும் வீட்டு உரிமையாளர்கள் பலர் அறியவில்லை.

ஆகவே, நிலையத்தின் வாயிலை இரவு பத்து மணிவரை திறந்து வைத்து, அங்கு வரும் ஒவ்வொரு லாரியின் எண்ணையும் நேரத்தையும் பதிவேட்டில் குறிக்க உத்தரவிடுமாறும், அதன் பிறகும் வாய்க்காலில் கொட்டும் லாரிகளின் உரிமத்தை ரத்து செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம். நகராட்சிப் பொறியாளர் வீடுதோறும் தொட்டிகளைப் பார்வையிட்டு, திருத்த வேண்டியவற்றுக்குக் கால அவகாசத்துடன் அறிவிப்பு வழங்கினால் ஒத்துழைக்கிறோம். இடமற்ற சந்துகளுக்குப் பொது உறிஞ்சுகுழி அமைக்க வழியுண்டா என்பதையும் அவர் ஆராய வேண்டுகிறோம். மயானத்துப் பின்புறத்தில் தெருவிளக்கு ஒன்றும் தேவை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வாய்க்காலைத் தூர்வாரித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
14ஆவது வார்டு குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)