சந்துக்குப் பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நங்கநல்லூரில் எங்கள் தெருவிலிருந்து பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கம் போக ஒரு சந்து உண்டு. எதிரெதிரே இரண்டு பேர் குடையோடு வந்தால் ஒருவர் குடையைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். போன மாதம் குடியிருப்போர் சங்கம் ஒன்று அதன் இரண்டு முனையிலும் இரும்பு கேட் போட்டது. முதலில் ராத்திரி மட்டும்தான் பூட்டு என்றார்கள், ஒரு வாரத்தில் பகலிலும் பூட்டு. சாவி சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும்.

அவர்கள் சொல்லும் காரணம் பொய்யில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டாரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இருட்டியதும் பாட்டிலோடு வந்து உட்காருகிறவர்களும் உண்டு. பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மோட்டார் திருடனுக்கு ஐந்தடி கேட் ஒரு பொருட்டா? அதில் ஏறிக் குதிக்க முடியாதவர்கள் முழங்கால் வலியோடு ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகும் என் அம்மாவும், காலை ரயிலில் வந்து இறங்கும் வீட்டு வேலை செய்யும் அக்காவும்தான். அந்த அக்கா வேலை பார்ப்பதே கேட் போட்ட சங்கத்துக்காரர்களின் அபார்ட்மெண்டில்! கால் மணி நேரம் சுற்றி வந்து, லேட் என்று அவர்களிடமே திட்டும் வாங்குகிறார். (கூகுள் மேப்பில் சந்து இன்னும் திறந்தே இருப்பதால், டெலிவரி பையன்கள் கேட் வரை வந்து திரும்பிப் போவது தனிக் கதை.)

கேட்டால், "எங்கள் சொந்த வழி" என்கிறார்கள். ஆலந்தூர் நகராட்சி காலத்தில் வீட்டுக்கு 5,000 ரூபாய் கட்டிப் போட்ட பாதாளச் சாக்கடையின் மூடி அந்தச் சந்தின் நடுவில் இருக்கிறது. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு விளக்கு போடுவதும் பெருக்குவதும் மாநகராட்சிதான். விளக்கு ஊருடையது, வழி மட்டும் சங்கத்துடையதா?

சரி, சாக்கடை மூடியும் விளக்குக் கம்பமும் சொத்துப் பத்திரம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். 20 வருஷம் தடையில்லாமல் நடந்த வழிக்கு உரிமை உண்டு, கோர்ட்டுக்குப் போங்கள் என்றும் ஒருவர் சொன்னார். 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தில் அப்படி இருக்கிறது, ஆனால் அது ஒரு நிலக்காரருக்குப் பக்கத்து நிலத்தின் மேல் கிடைக்கும் உரிமை. எங்கள் கேள்வி அதற்கு முந்தியது, இந்த இடமே தனியாருடையதா பொதுவா என்பது. மனை பிரித்தபோது பாதையை நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா, டி.எஸ்.எல்.ஆர். என்கிற நகர நில அளவைப் பதிவேட்டின் படத்தில் அது பாதையாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமலே இரு தரப்பும் வாட்ஸ்அப்பில் ராத்திரி பகலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாநகராட்சியிடம் மனு கொடுத்திருக்கிறோம். சர்வேயரை அனுப்பி அளந்து சொல்லட்டும், அதுவரை பகலிலாவது கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சங்கத்து இடம்தான் என்று முடிவானால் நான் சுற்றியே போகிறேன். அம்மாவுக்கு மட்டும் ஒரு சாவி கேட்பேன்.

ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை - 61