எரிமலைச் சுற்றுலா: நிரலில் இல்லாத ஒரு வரி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள பாத்தூர் மலையில் சூரிய உதயம் காண்பது பற்றித் தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சென்ற கோடை விடுமுறையில் மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி ஆகியோருடன் அதே மலையில் ஏறியவன் என்ற முறையில், அக்கட்டுரையில் விடுபட்டிருக்கும் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் குத்தாலம் பகுதியில் பிறந்து, சுவாமிமலையின் 60 படிகளை ஏறுவதையே மலையேற்றமாக எண்ணி வளர்ந்த எனக்கு, 1,717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் சாதாரணக் காரியமாக இருக்கவில்லை. பின்னிரவு 2 மணிக்கு எழுப்பினார்கள். அடிவாரத்தில் ஆளுக்கொரு டார்ச் விளக்கைக் கொடுத்து, உள்ளூர் வழிகாட்டியின் பின்னால் வரிசையாக நடக்கச் சொன்னார்கள். மேலே போகப்போக மண் மறைந்து கரிய சரளையாகிவிட, ஊன்றிய கால் சறுக்கியபடியே இருந்தது. விடியும்போது கீழே ஏரியும் எதிரே அகுங் மலையும் தெரிந்த அந்தக் காட்சியை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். பாறை இடுக்குகளிலிருந்து வந்த ஆவியில் முட்டையையும் வாழைப்பழத்தையும் வேகவைத்துக் கொடுத்தார் வழிகாட்டி. "தாத்தா, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி இருக்கு" என்று பேத்தி அந்த ஆவியை நோக்கிக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் வழிகாட்டி, 1926-இல் இம்மலை கக்கிய தீக்குழம்பு அடிவாரத்துப் பாத்தூர் கிராமத்தை மூடிவிட்டதையும், ஊரார் மேட்டுக்குக் குடிபெயர்ந்து அங்கே ஏரித் தெய்வத்துக்குக் கோயிலை மீண்டும் எழுப்பியதையும் சொன்னார். பாலி உழவர்களுக்கு அந்த ஏரித் தெய்வமே நீர் தருபவள். ஆடிப்பெருக்கன்று காவிரிக்குக் காதோலை கருகமணி விடும் ஊர்க்காரனாகிய நான் அதைக் கேட்டு நெகிழ்ந்தேன்; உழவர்களே கூடிக் கோயில்களின் வழியாக நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் அவர்களுடைய 'சுபாக்' முறையை யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியமாக ஏற்றிருப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கடைசியாக மலை வெடித்தது எப்போது என்று கேட்டேன். 2000-ஆம் ஆண்டு என்றார். இயங்கும் எரிமலையின் வாயருகே குழந்தையை உட்கார வைத்திருக்கிறோம் என்பது அந்த நொடியில்தான் எங்களுக்கு உறைத்தது.

எங்கள் பகுதியில் நாங்கள் பணம் கட்டிய பயண முகவர் கொடுத்த நிரலில் "மலையேற்றம், எளிது, சிறுவர்களுக்கும் ஏற்றது" என்று மட்டுமே இருந்தது. அவர் எடுத்துக்கொடுத்த பயணக் காப்பீடு மலையேற்ற விபத்துகளுக்குப் பொருந்தாது என்பதையும் ஊர் திரும்பிய பிறகே அறிந்தோம்.

இந்தோனேசியாவில் எரிமலைகளின் நிலையை, ஆபத்து கூடக்கூட உயரும் நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள்: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். எரிவாயிலிருந்து எத்தனை கிலோமீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பதையும் அரசின் எரிமலை ஆய்வு அமைப்பு சொல்கிறது. 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராப்பி வெடித்து மலையேறிகள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அம்மலை இரண்டாம் படியில் இருந்தது. 3 கிலோமீட்டருக்குள் எவரும் செல்லக் கூடாது என்ற அறிவுரையும் இருந்தது. நாங்கள் சென்ற நாளில் பாத்தூர் முதல் படியில்தான் இருந்திருக்கிறது. இதை மருமகள் பிறகு தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார்.

முதல் படி என்றாலும் அச்சமில்லை என்று இருந்துவிட முடியாது. ஜப்பானின் ஒந்தாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று, அந்நாட்டு வரிசையில் மிகக் குறைந்த படியில் இருந்தபோதே, நண்பகல் வேளையில் வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். தீக்குழம்பு மேலெழாமலே, நிலத்தடி நீர் கொதித்து ஆவியாகிப் பாறைகளைத் தகர்த்துக்கொண்டு வெளியேறும் இவ்வகை வெடிப்பு, முன்னறிவிப்புக்கு அதிக நேரம் தருவதில்லை. அதுவரை அந்த முதல் படிக்கு ஜப்பானியர் வைத்திருந்த பெயர் 'இயல்பு' என்பது. மறு ஆண்டே அதை நீக்கிவிட்டு, 'இது இயங்கும் எரிமலை என்பதை நினைவில் கொள்க' என்ற பொருளில் மாற்றிவிட்டார்கள்.

யாரும் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேத்தியை அழைத்துச் சென்றதற்கும் வருந்தவில்லை. தெரிந்து அழைத்துச் சென்றிருந்தால் எரிவாயின் விளிம்பில் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்க மாட்டோம் என்பதே என் ஆதங்கம். 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்ட பிறகு நம் மாநில மலைகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. வெளிநாட்டு எரிமலைக்குக் குடும்பங்களை அனுப்பும் நம்மூர் முகவர்களும், மலையின் அன்றைய படி, விலகியிருக்க வேண்டிய தொலைவு, படி உயர்ந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, காப்பீடு பொருந்துமா என்பவற்றைப் பயண நிரலிலேயே தமிழில் எழுதித் தர வேண்டும். தாங்களும் இனி எரிமலைப் பயணக் கட்டுரை வெளியிடும்போது, ஜப்பானியர் சேர்த்த அந்த ஒரு வரியைப் படத்துக்குக் கீழே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்.