பாப்பாவின் பட்டுப் பாவாடைக்கு மூன்று டக்

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை ரெடிமேடாக வாங்கிவிடலாமா, இல்லை அனுப்பிய துணியை வீட்டிலேயே தைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தைத்துவிடு கண்ணு. கடையில் தொங்கும் பாவாடையை ஒருமுறை உள்பக்கம் திருப்பிப் பார். பெரும்பாலும் பக்கத் தையலில் கால் அங்குலம், மேலே அரை அங்குலம் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஐந்து வயதில் வாங்கியது ஆறு வயது முடிவதற்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். அப்போது இறக்கிவிட உள்ளே துணி இருக்காது. வளரும் பிள்ளையின் உடுப்புக்கு வெளியே தெரியும் துணியைவிட உள்ளே மடித்து வைத்த துணிதான் முக்கியம்.

நான் அனுப்பியது காஞ்சிபுரம் கோர்வை. அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, கரையில் தாழம்பூ ரேக்கு, அதாவது தாழம்பூ மடல் போன்ற ஜரிகை வேலை. கோர்வை என்றால் உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து ஒட்டியது இல்லை. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறி நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு வேறு ஒன்று ஓட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொண்டே நெய்வார்கள். அந்தச் சந்திப்பில் ஊசி படக் கூடாது. கரையிலேயே டக் பிடித்தால், அதாவது துணியை மடித்துத் தைத்தால், மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை முறியும். பட்டு நூலின்மேல் சுற்றிய மெல்லிய தகடுதானே ஜரிகை! ஒருமுறை முறிந்தால் எந்த இஸ்திரியும் அதைச் சரிசெய்யாது.

கணக்கைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். துணியின் அகலம் 30 அங்குலம். அதுதான் பாவாடைக்கு நீளமாக வரும், கரை அடியில். பாப்பாவுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 25. மீதி 5 அங்குலத்தைக் கத்தரிக்காதே. மேல் தையலுக்கு அரை அங்குலம், மூன்று டக்குக்கு 4½. முக்கால் அங்குல ஆழத்தில் ஒரு டக் பிடித்தால் அது இரட்டிப்பாக, 1½ அங்குலத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். இந்த வயதுப் பிள்ளை ஆண்டுக்கு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வளரும், அதில் பாதிக்கு மேல் காலில்தான். அதாவது இடுப்புக்குக் கீழே 1½ அங்குலத்தை ஒட்டி வரும். ஆண்டுக்கு ஒரு டக் பிரித்தால் மூன்று ஆண்டு ஓடும்.

நிறையப் பேர் தவறும் இடம் ஒன்று உண்டு. துணி விரித்துக் கிடக்கும்போதே டக் பிடித்துவிட்டு, அப்புறம் பக்கத்தை மூட்டுவார்கள். செய்வதற்குச் சுலபம்தான். ஆனால் டக்கின் இரு முனையும் பக்கத் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டு ஒரு டக்கைப் பிரிக்கப் பக்கத் தையலையும் பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் துணியின் இரு முனையையும் கரைக்குக் கரை சரியாகப் பொருத்தி மூட்டு. அந்தத் தையல் முதுகுப் பக்கம் வரட்டும், மேலே 5 அங்குலம் திறப்பு விடு. பிறகு வட்டமாகவே டக் பிடி.

உன் துணியில் கரை 6 அங்குலம். அடி விளிம்பிலிருந்து 7½, 9 என்று இரண்டு கோடு போடு. அந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் முதல் டக். அடுத்தது 10, 11½. மூன்றாவது 12½, 14. மடிப்பு வெளிப்பக்கம், கீழ்நோக்கிப் படுத்திருக்க வேண்டும். முதல் டக் கரைக்கு முக்கால் அங்குலம் மேலே நிற்கும், ஒரு டக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே கால் அங்குலம் தெரியும். பார்க்க வேலைப்பாடு மாதிரி இருக்கும். கோடு போட வெள்ளை டெய்லர் சாக் போதும். பேனா, பென்சில் இரண்டும் வேண்டாம்.

ஊசி 9 அல்லது 11 நம்பர். வீட்டு மிஷினோடு வரும் 14, 16 பட்டில் ஓட்டை போட்டுவிடும். டக்குக்கு மட்டும் தையலை நீளமாக வை, அங்குலத்துக்கு 6. மற்ற இடங்களில் 10. டக் தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் அடிக்காமல் நூலைக் கையால் முடிச்சுப் போடு. பிரிக்கும் அன்றைக்கு அது உனக்கே புரியும்.

அடுத்தது இடுப்பு. நாடா கோத்துக் கட்டாதே. ஐந்து வயதில் இடுப்புக்கும் வயிற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நாடாவைத் தளர்த்தினால் ஜரிகையின் கனத்தில் பாவாடை நழுவும், இறுக்கினால் தோலில் பதியும். பாடி, அதாவது தோளில் மாட்டும் உள்சட்டை, வைத்துத் தை. மெல்லிய பருத்தித் துணியில் கையில்லாத பாடி, அரை மீட்டர் போதும். பாவாடையின் கனம் அப்போது தோளில் இறங்கும். பாப்பாவுக்கு இடுப்பு 21 என்றாய், பாடியின் இடுப்பை 24 வைத்துக்கொள். பாடியில் செலவு செய்யாதே, அது ஒரு வருடத்து உடுப்பு. பிள்ளையின் முதுகு நீண்டதும் பாடியைக் கழற்றிப் புதியதில் பாவாடையை ஏற்றிவிடலாம்.

பாவாடைத் துணியின் நீளம் 2 மீட்டர் என்பது ஏறக்குறைய 78½ அங்குலம், தையல் போக 77½. இதைச் சுருக்குப் பிடிக்காமல் பிளீட் பிடி. சுருக்கு வைத்தால் பட்டு இடுப்பில் உப்பிக்கொண்டு நிற்கும். ஒரு அங்குலம் வெளியே தெரியும் பிளீட்டுக்கு 3 அங்குலத் துணி போகும். 24 பிளீட்டுக்கு 72. மீதி 5½ அங்குலத்தைத் திறப்பின் இருபுறமும் ஆழமாக மடித்துவிடு. பாடி பெரிதாகும்போது முதலில் திறப்பது அந்த மடிப்புதான்.

லைனிங்கை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காய வைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டு. இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கிப் பட்டை மேலே இழுக்கும், அடி சுருண்டு நிற்கும். தைத்து முடித்த லைனிங் 24 அங்குல நீளம், பாவாடையைவிட ஒரு அங்குலம் குறைவு. இடுப்பில் மட்டும் பிடி, அடியில் பட்டோடு சேர்க்காதே. பாவாடையில் மூன்று டக் வைத்துவிட்டு லைனிங்கில் கூடுதல் துணி விட மறக்கிறவர்கள்தான் அதிகம். லைனிங் கண்ணுக்குத் தெரியாது என்பதால் டக்கெல்லாம் வேண்டியதில்லை, அடியில் 5 அங்குலம் மடித்துப் போட்டால் போதும்.

பாவாடை என்ற பெயரையே எடுத்துக்கொள். பாவுவது என்றால் பரப்புவது, உனக்குத் தெரியும். பெரியவர்கள் நடந்து வரத் தரையில் விரித்த துணிக்கும், சாமிக்கு முன்னால் சோற்றைக் குவிக்க விரித்த துணிக்கும் பாவாடை என்றே பெயர். சிறு பெண்கள் உடுத்திய குட்டிச் சேலைக்குச் சிற்றாடை என்று பெயர். எல்லாமே வெட்டுப் படாத முழுத் துணி. மூட்டி, மடித்து, பிளீட் பிடித்த பின்னும் இந்தப் பாவாடையைப் பிரித்தால் 2 மீட்டர் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். இதில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனால்தான் கத்தரியைக் கையில் எடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சட்டைக்கு அந்தச் சலுகை இல்லை, வெட்டித்தான் ஆக வேண்டும். பக்கத் தையலில் வழக்கமான அரை அங்குலத்துக்குப் பதில் 1¼ விடு. முன்துண்டு, பின்துண்டு, இரண்டு பக்கம் என்று நான்கு இடத்திலும் முக்கால் முக்காலாகச் சேர்த்தால் சுற்றளவில் 3 அங்குலம் இறக்கிக்கொள்ளலாம். ஆனாலும் அக்குள்தான் முதலில் பிடிக்கும், அங்கே இறக்க வழியில்லை. அதனால் பாவாடை மூன்று வருடம் வந்தால் சட்டை ஒன்றரை வருடம் வரும். முக்கால் மீட்டர் சட்டைத் துணியில் மிஞ்சும் துண்டைத் தூக்கிப் போடாதே, அடுத்த சட்டைக்குக் கைப்பட்டி ஆகும்.

அடுத்த வருடம் டக் பிரிக்கும்போது மேலே இருப்பதை முதலில் எடு. அந்தக் கோடு பிளீட்டுக்குள் மறையும், கரையை ஒட்டிய இரண்டும் அழகுக்கு நிற்கும். ஊசித் துளைகள் தெரிந்தால் ஸ்பூனின் முதுகால் இழைகளைக் குறுக்காக மெல்லத் தேய், கூடி வரும். மேலே மல் துணி போட்டுக் குறைந்த சூட்டில் உள்பக்கமாக இஸ்திரி போடு, தண்ணீர் தெளிக்காதே, பட்டில் திட்டு விழும். மடிப்புக்குள் இருந்த துணி கொஞ்சம் கருஞ்சிவப்பாக, வெளியே இருந்தது வெளிறி இருக்கும். சிலர் அதன்மேல் ஜரிகை லேஸ் தைத்து மறைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, கோடு தெரியட்டும்.

பண்டிகை முடிந்ததும் ஒரு நாள் நிழலில் ஆறப்போட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வை. பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து ஜரிகையைக் கறுக்க வைக்கும். சென்ட் அடிப்பதாக இருந்தால் பாவாடை போடுவதற்கு முன்பே அடித்துவிடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று. தீபாவளியன்று வெடி கொளுத்தும் நேரத்தில் பாவாடையைக் கழற்றிவிட்டு உடம்போடு ஒட்டிய பருத்தி உடுப்பு போடு. நைலான், பாலியஸ்டர் அப்போது கூடவே கூடாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. அக்குள் சுற்று 9½ என்று எழுதியிருக்கிறாய். மார்பு 22½ உள்ள பிள்ளைக்கு அது இறுக்கம். டேப்பை ஒட்டிப் பிடித்து அளந்திருப்பாய். பாப்பா கையைத் தொங்கவிட்டு நிற்கட்டும், டேப்புக்குள் உன் இரண்டு விரலை விட்டு மறுபடி அள. அந்த அளவு எனக்கு வரும்வரை சட்டைத் துணியில் கை வைக்காதே. பாவாடை வேலையை இன்றைக்கே தொடங்கலாம்.

அன்புடன்,
அம்மா