மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வந்த பெரியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஆஸ்பத்திரித் துணுக்குகளைப் படித்து நானும் சிரித்தேன். ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் 'மக்களின் அறியாமை' என்று முடித்திருந்ததை ஏற்க முடியவில்லை. வடசென்னையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சிரிப்பு வரும்படி பேசுபவர்கள் எங்களிடம் தினமும் வருகிறார்கள், கொஞ்சம் நின்று கேட்டால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும்.

ஒரு பெரியவர் பிளாஸ்டிக் கவரோடு வந்தார். "ஏம்மா, காசு குடுத்து வாங்கின மாத்திரை கரையாம முழுசா வெளிய வந்துடுச்சு, கழுவி எடுத்தாந்திருக்கேன், இத வச்சுக்கிட்டு வேற குடு" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் பார்த்தது சரிதான். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினில் மெதுவாக வேலை செய்யும் வகை உண்டு, அட்டையில் எஸ்.ஆர். என்றோ எக்ஸ்.ஆர். என்றோ போட்டிருக்கும். அதில் சில மாத்திரைகளில் மருந்து மட்டும் மணிக்கணக்கில் கசிந்து உடம்பில் சேர்ந்துவிடும், மிச்சம் கரும்புச் சக்கை மாதிரி மலத்தோடு வந்துவிடும். யாரும் சொல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே நினைப்பார்? கரையட்டும் என்று இடித்து விழுங்கியிருந்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கியிருக்கும்.

ஆஸ்துமா இழுப்புக்குக் கொடுக்கும் ரோட்டாகேப்பை, அதாவது உள்ளே இருக்கும் பொடியை மூச்சோடு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலை, தண்ணீர் விட்டு முழுங்குகிற பாட்டிகளும் உண்டு. அதைப் போட்டு உறிஞ்ச வேண்டிய கருவி பத்திரமாக பீரோவில் இருக்கும்! பார்வைக்கு அது சாதாரண கேப்ஸ்யூல்தான், அறுபது வருஷமாக கேப்ஸ்யூலை முழுங்கியே பழகியவர் வேறு என்ன செய்வார்?

டிபி மாத்திரை ஆரம்பித்த மகனை இழுத்துக்கொண்டு, "ரத்தமா போறான்மா" என்று அழுதபடி ஓடி வந்தார் ஒரு அம்மா. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும், வியர்வை, கண்ணீரில்கூட நிறம் வரலாம், அதனால் ஆபத்து இல்லை. இது தெரியாமல் பயந்து பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. பொதுவாக ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்து அது, இடையில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். அப்புறம் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்பவர்கள்... நம் ஊரில் காபியை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

இந்தத் தப்புகளைத் தடுக்கச் செலவே கிடையாது. மருந்தைக் கொடுக்கும்போது "இதை வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் போதும், தப்பு அங்கேயே தெரிந்துவிடும். கூட்ட நேரத்தில் கஷ்டம்தான், இருந்தாலும் புது மருந்துக்காவது டாக்டர், நர்ஸ், நாங்கள் யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாசலில் வைத்துக் கேட்பது இன்னும் சுலபம், பக்கத்தில் மகளோ மருமகளோ இருப்பார்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் வாரம் ஒரு மருந்தைப் பற்றி நாலு வரி போடுங்கள். மழைக்காலம் வருவதற்குள் ரோட்டாகேப்பை எப்படி உறிஞ்சுவது என்று படத்தோடு போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பெரம்பூர், சென்னை